மரப்படகின் ஆயுளும் ஒட்டுப்பசையும்

கயிற்றால் பிணைத்த கட்டுமரத்திலும், தென்னை நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகிலும் ஒட்டுப்பசைக்கு வேலையில்லை. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவியபோது இந்நிலை மாறியது. மெல்லிய மரத் தகடுகளைப் பிணைக்கும் பிசின் கெட்டால் பலகை ஏடு ஏடாகப் பிரியும். கடன் அடைபடுமுன்பே மீனவர் தம் தொழிற்கருவியை இழப்பார்.

ஈரத்தை ஏற்கும்போது மரம் இழைக்குக் குறுக்கே விரிகின்றது, உலரும்போது சுருங்குகின்றது. இழையின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைகின்றன. ஆகவே, படகு நனைந்து உலரும் ஒவ்வொரு முறையும் பிசின் அடுக்கு இழுவிசைக்கு உள்ளாகின்றது.

இவ்விசையை எல்லாப் பிசின்களும் ஒரே அளவில் தாங்குவதில்லை. யூரியா பார்மால்டிஹைடு மலிவானது. எனினும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீரால் சிறிது சிறிதாகச் சிதைவுறும். பினால் பார்மால்டிஹைடு கொதிநீரையும் தாங்கும்; ஆனால் அது இறுகச் சூடும் அழுத்தமும் தேவை. ரிசார்சினால் பிசின் சூடின்றியே இறுகி நெடுங்காலம் உழைக்கும். இணைப்புகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். எபாக்சி இடைவெளியை நிரப்பும்; எனினும் கடும் வெயிலில் சூடேறும் கருநிற மேற்தளத்தில் இளகக்கூடும்.

கடல்தர ஒட்டுப்பலகைக்கான ஐ.எஸ். 710 தர நிர்ணயம், மாதிரித் துண்டுகளை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்க வேண்டுமென விதிக்கின்றது. இச்சோதனை பலகையின் தரத்தைக் காட்டுமேயன்றிப் படகுக் கூடத்தின் வேலைத்தரத்தைக் காட்டாது. எண்ணெய்ப் பசை நீக்காத தேக்கு, போதிய அளவு உலராத மரம், அளவு பிசகிய கலவை ஆகியவை நல்ல பிசினையும் பயனற்றதாக்கும். வெட்டு விளிம்புகளை மூடாமல் விட்டால் அவ்வழியே நீர் ஏறும்.

படகின் மொத்தச் செலவில் பிசினின் பங்கு சிறிது. அது தவறினால் நேரும் இழப்போ முழுப் படகின் விலையாகும். எனவே கடனும் மானியமும் வழங்கும் அலுவலர்கள் பலகையின் தர முத்திரையைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடலாகாது. பசைக் கோட்டின் கருநிறத்தை நம்புவதும் போதாது. சாயம் கலந்தும் அந்நிறத்தைப் பெறலாம். வெட்டி எஞ்சிய துண்டொன்றைக் கொதிக்க வைத்தால், யூரியா பிசின் சில மணி நேரத்திலேயே விட்டுவிடும். எளிய இச்சோதனையைப் படகு கட்டத் தொடங்குமுன் செய்தல் நலம். கடலில் இறங்கிய பின் அறிய நேர்ந்தால், பொருளோடு உயிருக்கும் ஆபத்து விளையும்.