எதிரொலி ஏன் மங்க வேண்டும்?

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நிற்பவருக்கு, மேடையின் ஒலி ஸ்பீக்கர் ஒலியைவிட ஐந்தில் ஒரு நொடி பிந்தித்தான் வந்து சேரும். தெருவே ஒரு டிலே! அதன்மேல் கிட்டார்காரர் காலால் இயக்கும் டிலே பெடல் இன்னோர் எதிரொலியை ஏற்றுகிறது. ஆகவே பெடல் வாங்கும்போது எத்தனை நொடி தாமதம் கிடைக்கும் என்பதைவிட, திரும்பி வரும் ஸ்வரம் எவ்வளவு மங்குகிறது என்பதே முக்கியம்.

பழைய அனலாக் பெடல்களில் இருந்த எம்.என். 3005 சிப்பில் 4,096 படிகள். ஒவ்வொரு படியும் தன் மின்னூட்டத்தை அடுத்ததற்கு, தீயணைக்க வாளி கைமாற்றுவதுபோல, கொடுத்துக்கொண்டே போகும். கடிகாரத் துடிப்பை நொடிக்கு 10,000 ஆகக் குறைத்தால் தாமதம் 205 மில்லிநொடியாக நீளும். ஆனால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அதனால் ஏந்த முடியாது, வடிகட்டி வெட்டிவிடும். கூர்மை இழந்த அந்த எதிரொலி, பாடகரின் சொற்களை மறைக்காமல் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. குறையே இங்கே குணம்.

நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதற்கு இந்த ஒற்றைச் சிப் போதாதே என்பது நியாயமான ஆட்சேபம். 1983-இல் வந்த பாஸ் டிடி-2 டிஜிட்டல் பெடல் 800 மில்லிநொடி வரை தெளிவாகத் தந்தது. ஆனால் அந்தத் தெளிவுதான் திறந்தவெளியில் இரைச்சலாகிறது. எனவே தாளத்தைக் காலால் தட்டிப் பதிக்கும் வசதியும், எதிரொலியை மங்கவைக்கும் டோன் குமிழும் சேர்ந்த டிஜிட்டல் பெடலையே வாங்குங்கள். டோன் குமிழ் இல்லையென்றால் வேண்டாம்.