கரிக்கோட்டுக் கணக்கு

"அந்தக் காலத்துல எல்லாமே வாசலுக்கு வந்துது, எல்லாமே சல்லிசு!" பழைய நண்பர்கள் கூடும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் காபி டம்ளரைக் கீழே வைப்பதில்லை. பால்காரர், தயிர்க்காரம்மா, கீரைக்காரப் பாட்டி, உப்பு வண்டி, மண்ணெண்ணெய் வண்டி என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாம் வாசலுக்கு வந்தது உண்மைதான். சல்லிசு என்பதைத்தான் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரிசியில் தொடங்கலாம். 1967 தேர்தலில் தி.மு.க. சொன்னது ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படி சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. சென்னைப் படி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அப்போது மத்திய அரசு எல்.டி.சி. குமாஸ்தாவின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம், இரண்டாவது ஊதியக் குழு போட்டபடி, 110 ரூபாய். பஞ்சப்படியை இரண்டு காலத்துக்கும் ஒதுக்கிவிடுவோம். முழுச் சம்பளத்தையும் அரிசியாக்கினால் 110 படி, அதாவது 165 கிலோ. அதே வேலைக்கு ஏழாவது ஊதியக் குழு வைத்த ஆரம்பம் 19,900 ரூபாய். இன்றைய சாதாரணப் பொன்னி கிலோ 60 ரூபாய் என்று கொண்டால் 331 கிலோ வருகிறது. சரியாக இரண்டு மடங்கு.

குடும்பக் கணக்காகவும் பார்க்கலாம். ஐந்து பேர், தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி. மாதம் 60 கிலோ. அன்று அது 40 படி, 40 ரூபாய், சம்பளத்தில் 36 சதவீதம். இன்று 3,600 ரூபாய், 18 சதவீதம். அதுவும் அன்றைய ஒரு ரூபாய் அரசு மானிய விலை. வெளிச்சந்தையில் அதற்கும் மேல். 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கும் தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு இன்னும் ஒரு பக்கம் சாயும். "அப்ப நாங்க நல்லா சாப்பிட்டோமேடா" என்றான் கும்பகோணத்து நண்பன். சாப்பிட்டோம், சரி. வயலில் இருந்து நெல் வந்த வீடு அவனுடையது. கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 படி என்று குதிரில் கொட்டி வைத்தவர்கள் விலையைப் பற்றிப் பேசக் கூடாது.

விலை மறந்துபோனாலும் கணக்கு வைத்த விதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தயிர்க்காரம்மாவுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. திண்ணைச் சுவரில், கதவுக்குப் பின்னால், தினமும் ஒரு கரிக்கோடு. நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். ஆழாக்குக்கு முழுக்கோடு, அரை ஆழாக்குக்குக் குட்டைக் கோடு. வாங்காத நாளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரிக்கும் எழுத்து வேண்டாம், விற்பவளுக்கும் எழுத்து வேண்டாம், இருவரும் பார்க்கும் இடத்தில் கணக்கு. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள் என்பதால் போகிக்கு முன் தயிர்ப் பாக்கி தீர்ந்தாக வேண்டும்.

இந்தக் கோடுகளின் அருமை 1957-இல்தான் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. அணாவுக்கு 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் மாற்று விகிதத்தை இப்படி முழுமையாக்கினார்கள்:

1 அணா – 6 நயா பைசா
2 அணா – 12
3 அணா – 19
4 அணா – 25

தினம் 2 அணா தயிர் வாங்கி அன்றன்றே காசு கொடுத்த வீடு மாதம் 360 பைசா கொடுத்திருக்கும். அதே தயிரைக் கோடு போட்டு வாங்கிய வீடு 60 அணாவை மொத்தமாக மாற்றும்போது 375 பைசா. கைக்காசுக்கு விற்ற தயிர்க்காரிக்கு 15 பைசா நஷ்டம், ஒரு நாள் தயிருக்கும் மேல். 3 அணாவுக்கு வாங்கிய வீட்டில் நிலைமை தலைகீழ்: கைக்காசில் 570, கோட்டுக் கணக்கில் 562 அரை. தயிர்க்காரிகள் இதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் நெல்லை நண்பன் சிரிக்கிறான். "எங்க ஆச்சிட்ட ரெண்டு அணா வீடு எல்லாம் கோடு, மூணு அணா வீடு எல்லாம் ரொக்கம்னு மாறிட்டு" என்றான். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான் என்றே நினைக்கிறேன், ஆனால் கணக்கு சரி.

தயிர்க்காரியின் பக்கம் நின்றும் ஒரு கணக்கு. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அதே இரண்டாவது ஊதியக் குழு வைத்த குறைந்தபட்சம் 80 ரூபாய். ஆழாக்குத் தயிர் 2 அணா, அதில் கால் பங்கான அரை அணா அவளுக்கு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். 80 ரூபாய் சேர அவள் மாதம் 2,560 ஆழாக்கு விற்க வேண்டும். அதாவது 320 படி. ஒரு நாளைக்குப் பத்தரைப் படிக்கு மேல், வீட்டுக்கு ஓர் ஆழாக்கு என்றால் 85 வாசல். 8 ஆழாக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்றுதான், படியின் கொள்ளளவுதான் ஊருக்கு ஊர் வேறு. சின்னப் படி, 1.34 லிட்டர் என்று கொண்டாலே தலையில் 14 கிலோ தயிர். மண்பானை, மூடி, சும்மாடு, அளக்கும் உழக்கு எல்லாம் தனி. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இதற்கு மேல் ஒரு கரண்டி கொசுறு கேட்போம், அவளும் ஊற்றுவாள். டெலிவரி சார்ஜ் என்று ஒரு பத்தி அன்றைய எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லாததன் காரணம் அவள் கழுத்து.

பால்காரர் கதை வேறு. மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்தவர்கள் உண்டு. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவார்கள். கறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாலும் பாலில் தண்ணீர் இருக்கும் என்பது எல்லா அம்மாக்களின் ஒருமித்த தீர்ப்பு. நல்ல பாலில் லாக்டோமீட்டர் 28-க்கும் 32-க்கும் நடுவே நிற்கும். 30 காட்டும் பாலில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டால் 24-க்கு இறங்கும். தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீடு இப்படி மாதம் 6 லிட்டர் தண்ணீரைப் பால் விலைக்கு வாங்கியிருக்கும். கெட்டிக்காரப் பால்காரர் இதற்கும் வழி வைத்திருந்தார். வெண்ணெயை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடி, மீட்டர் 36 பக்கம் ஏறும். பிறகு ஐந்து பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் மறுபடி 30. மீட்டரும் திருப்தி, வெண்ணெயும் லாபம். ஏடு படியவில்லையே என்று கண்டுபிடித்தது அடுப்பு முன்னால் நின்றவள்தான். இன்றைய ஆவின் உறையில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6 என்று அச்சடித்தே வருகிறது. சண்டை போட ஆள் இல்லை.

எடை மாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1962 ஏப்ரலோடு பலமும் வீசையும் சட்டப்படி போயின. 40 பலம் ஒரு வீசை, அது 1.4 கிலோ. ஒரு வீசை கத்தரிக்காய் வாங்கிய வீடு ஒரு கிலோவுக்கு இறங்கியது, விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை என்று சொல்லாத பாட்டி கிடையாது. கீரைக்கட்டும் பூ முழமும் எந்தச் சட்டத்துக்கும் அசையவில்லை.

விறகு கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி. மண் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மற்றது சுவரையும் கண்ணையும் சுடும். சமையல் வாயு கிலோவுக்கு 11,000, அதில் பத்தில் ஆறு பங்கு பாத்திரத்துக்கு. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையைச் செய்ய 234 கிலோ விறகு வேண்டும். பழைய எடையில் 20 மணங்குக்கு, அதாவது ஒரு கண்டிக்கு, சற்று மேல். விறகுத் தொட்டியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும், பிளக்க ஒருவர் வருவார், அடுக்க வீட்டுப் பிள்ளைகள். மழைக்காலத்தில் ஈர விறகு வந்துவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

கூட்டத்தில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த கல்லூரித் தோழி அப்போது கேட்டாள்: "எங்க அம்மா அரைச்ச மாவுக்கு யாருடா கூலி கொடுத்தா?"

இட்லிக்கு நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. முக்கால் படி அரிசியை ஆட்டுக்கல்லில் ஆட்ட, உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க அரைத்து எடுக்க, கல்லைக் கழுவ, ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட வேண்டும், தப்பினால் விரல். வாரம் மூன்று முறை, மாதம் 12 முறை என்றால் 18 மணி நேரம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி 336 ரூபாய். எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 42. மாவாட்டியதற்கு மட்டும் 756 ரூபாய். வற்றல், வடாம், சாம்பார்ப்பொடி, மோர் கடைந்தது, தேங்காய் துருவியது எதையும் இதில் சேர்க்கவில்லை. கோவையில் 1955-இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். எங்கள் வீடுகளுக்கு அது வந்து சேர இரண்டு தலைமுறைத் தோள்கள் தேய வேண்டியிருந்தது. தோழி வீட்டில் அது வந்த நாளில் அம்மா ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளச் சொன்னாராம். கைமணம் போய்விட்டது என்று வருத்தப்பட்டவர் அப்பா.

சமைத்த சாப்பாடே வீடு தேடி வந்ததும் புதிதல்ல. திருவல்லிக்கேணி நண்பன் வளர்ந்ததே எடுப்புச் சாப்பாட்டில். ஐந்தடுக்குக் கேரியரில் அடியில் சாதம், மேலே சாம்பார், ரசம், கறி, கூட்டு, பக்கத்தில் தூக்கில் மோர். மாதக் கணக்கு, கேரியர் வீட்டுடையது, கழுவி வைப்பதும் வீட்டு வேலை. இன்று செயலியில் 200 ரூபாய்க்குச் சாப்பாடு சொன்னால் 5 சதவீத ஜி.எஸ்.டி. 10 ரூபாய். 2023-இல் 2 ரூபாயாகத் தொடங்கி அடுத்த ஆண்டே 10 ரூபாயைத் தொட்ட பிளாட்ஃபார்ம் கட்டணம் வேறு. வண்டிக்காரர் கிளம்பும் முன்பே பத்துக்கு ஒன்று கூடிவிட்டது. "கொள்ளைடா இது" என்றான் திருவல்லிக்கேணி. நான் அப்படி நினைக்கவில்லை. டெலிவரி சார்ஜ் என்று கொண்டுவருபவர் கூலி பில்லில் ஒரு வரியாக இடம்பிடித்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்த வரியில் உள்ளது முழுவதும் அவர் கைக்குப் போகிறதா என்பது தனிக் கணக்கு.

ஓர் எடுப்பு இரண்டு பேருக்கு என்பது மெஸ்காரர் கணக்கு. அறை எடுத்துத் தங்கிய பிரம்மச்சாரிகள் மூன்று பேராகச் சேர்ந்து ஓர் எடுப்பு சொல்வார்கள். சாதத்தைச் சமமாகப் பிரித்து, ரசத்தை ராத்திரிக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். தகராறு வந்தது கூட்டில்தான். அதனால் யாருக்கு என்றைக்குக் கூட்டு என்று அவர்களும் அறைச் சுவரில் கோடு போட்டிருந்தார்களாம்.