மோதலில் பிறக்கும் துகள்கள்

பினாங்கின் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் நேர்கோட்டு முடுக்கியும், ஜெனீவா அருகே நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த பெரும் ஹாட்ரான் மோதுவியும், மின்னூட்டம் கொண்ட துகள்களை மின்புலத்தால் உந்தி விரைவுபடுத்தும் ஒரே கொள்கையில் இயங்குகின்றன. முன்னது எலெக்ட்ரான்களை உலோக இலக்கில் மோதவிட்டு எக்ஸ் கதிர்களை உண்டாக்குகிறது. பின்னதோ, அணுக்கருவிலுள்ள நேர்மின் துகள்களாகிய புரோட்டான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகே கொண்டுசென்று, மைனஸ் 271 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட மீகடத்துக் காந்தங்களால், அதாவது மின்தடையே இல்லாத காந்தங்களால் வளைத்து, நொடிக்கு 11,000 முறைக்கும் மேல் சுற்றவைத்து, எதிரெதிரே மோதச் செய்கிறது.

அம்மோதலின் ஆற்றல் பொருளாக மாறுவதால், பெருவெடிப்பை அடுத்த மிகச் சிறு கணத்தில் நிலவியதை ஒத்த நிலை நுண்ணளவில் மீண்டும் உருவாகி, புதிய துகள்கள் தோன்றி உடனே சிதைகின்றன. அச்சிதைவின் தடங்களைப் பதிவு செய்பவையே உணர்கருவிகள். அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் சான்றாகிய ஹிக்ஸ் துகள் 2012இல் இவ்வாறுதான் அகப்பட்டது. அதைக் கண்ட இரு உணர்கருவிகளுள் ஒன்றான சிஎம்எஸ் ஆய்வில் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகமும் இன்று பங்கேற்பது மலேசியர் பெருமைகொள்ளத் தக்கது. பேரண்டத்தில் நாம் அறிந்த பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடே என்பதால், எஞ்சியதன் ஒரு பகுதியாகிய, கண்ணுக்குப் புலப்படாத இருண்ட பொருளின் தடயத்தையும் ஆய்வாளர்கள் அம்மோதுவியில் தேடி வருகின்றனர்.