மனை கோலுமுன் மண் பார்த்தல்

வீடு கட்ட எண்ணுவோர் நாள் பார்க்க விரைகின்றனர். மண் பார்ப்போர் சிலரே. ஆன்றோர் வகுத்த முறையோ வேறு. சிற்ப நூலாகிய மயமதம் நிலத்தைச் சோதிப்பதை முன்னே வைத்து, கட்டுவதைப் பின்னே கூறுகிறது.

மனையில் ஒரு முழ ஆழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அதில் இடுதல் வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமாயின் மத்திமம், குறைந்தால் அதமம். இறுகிக் கிடந்த மண், தோண்டும்பொழுது உதிர்ந்து பெருகும், ஆதலின் மிஞ்சுகிறது. பொலபொலவென்ற மண்ணும் புதிதாய்க் கொட்டிய மண்ணும் குழிக்குப் போதா. அத்தகைய மண்மேல் எழுப்பிய சுவர் நாளடைவில் இறங்கும், வெடிக்கும். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டுவோருக்கு ஒரு முழக் குழி பெருஞ்செலவன்று.

ஒதியம்பட்டு அடங்கிய வில்லியனூர்ப் பகுதியில் நெல் விளைந்த நிலங்கள் பல மனைகளாகியுள்ளன. சங்கராபரணி ஆறு பாயும் இப்பகுதியில் நீரின் போக்கை அறிதல் இன்றியமையாதது. 2024ஆம் ஆண்டு பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, ஆற்றில் வெள்ளம் பெருகியதை எவரும் மறந்திரார். தாழ்ந்த மனையை உயர்த்துவோர், முதலில் புல், வேர், சேற்றுமண் அனைத்தையும் அகற்றுதல் வேண்டும். பின்பு அரையடிக்கு மேற்படாத அடுக்குகளாக மண் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு கொண்டு இடித்து இறுக்க வேண்டும். எவ்வளவு நிரப்பினும் கடைக்கால் அம்மண்ணோடு நின்றுவிடலாகாது. அதனைக் கடந்து பழைய கெட்டி மண்ணைத் தொட வேண்டும். மனையோரத்து வாய்க்காலைத் தூர்ப்பவர் தம் வீட்டிற்கும் அண்டை வீட்டிற்கும் ஒருங்கே வெள்ளத்தை அழைக்கிறார்.

இவை முடிந்தபின் வாஸ்து பூஜை. வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாட்கள் ஆண்டில் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அந்நாட்களில் அவர் விழித்திருப்பது 90 நிமிடங்கள். அதில் போஜனமும் தாம்பூலமும் கொள்ளும் கடைசி 36 நிமிடங்கள் பூஜைக்கு உகந்தவை என்பது மரபு.

ஈசானிய மூலையில் பூஜை நிறைவுற்றதும் முளையடித்து நூல் கட்டுவர். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. நான்கு மூலைகளையும் இவ்வாறு பார்த்து, மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவாய் வந்த பின்னரே மண்வெட்டி கடைக்காலில் இறங்கும்.