வௌவாலுக்கு மாத்திரை கொடுத்தது யார்?

எங்கள் காலனி வாசலில் ஒரு பெரிய அரசமரம். நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் அதில் தொங்குகின்றன. சென்ற மாதம் குடியிருப்போர் கூட்டத்தில், "மருந்துக்கு அடங்காத கிருமிகளை இவை பரப்புகின்றனவாம். மரத்தை வெட்டிவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். ரயில்வேயில் 38 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். ஆனால் பட்டறிந்தவன். எனவே எழுந்து பேசினேன். அதையே நம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு. 2018-இல் கோழிக்கோட்டில் பல உயிர்களைப் பறித்த நிபா ஒரு வைரஸ். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல் இருப்பது அதற்கான எச்சரிக்கை. ஆன்டிபயாடிக் மருந்துகளோ பாக்டீரியாவைத்தான் தாக்கும். மருந்து பட்டதும் பலவீனமானவை மடியும், தாக்குப்பிடித்தவை பெருகும். 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார்.

இந்த எதிர்ப்புத் திறன் பரவும் விதம் எனக்குச் சட்டென்று புரிந்தது. யார்டில் ஒரு வண்டியிலிருந்து வேகனைக் கழற்றி இன்னொரு வண்டியில் கோப்பதில்லையா? பாக்டீரியாவும் அப்படித்தான். பிளாஸ்மிட் என்னும் சிறு மரபு வளையத்தை ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்கியது வேறு இனமாகவும் இருக்கலாம்.

சரி, மருந்துக்கடைக்கே போகாத வௌவாலுக்கு இது எப்படி வந்தது? ஆஸ்திரேலியாவில் சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்களை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பாக்டீரியா, காட்டில் பறப்பவற்றைவிட, மனிதர் எடுத்து வளர்த்த வௌவால்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதாவது, அவை நம்மிடமிருந்து அவற்றுக்குப் போயிருக்கின்றன.

எல்லாமே நம் தவறு என்றும் சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் முள்ளெலிகளின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை தானே பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதனோடு போராடிய பாக்டீரியா, மருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்று 2022-இல் நிறுவினார்கள். இயற்கையில் உள்ளதுதான். ஆனால் அதை ஊரெங்கும் ஓடவிட்டது நாம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுதில்லியில் தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2-இலும், மிக வலிய மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. சாக்கடையும் குளமும் அப்படி இருக்க, அங்கே நீர் குடிக்கும் பறவையையும் விலங்கையும் என்ன சொல்ல?

இனி என் கதை. மூன்றாண்டுகளுக்கு முன் எனக்குச் சிறுநீர்த் தொற்று. முதல் மாத்திரை கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. கல்ச்சர் பரிசோதனையில் பல மருந்துகள் பயன்படா என்று வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட்டுக்கொண்டேன். "நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் என் மனைவி சொன்னாள்: "டிராயர் நிறைய இருக்கு டாக்டர்."

உண்மைதான். லைனில் வேலை பார்த்த நாட்களில் காய்ச்சல் என்றால் கடையில் நாலு மாத்திரை வாங்குவேன். இரண்டு போட்டதும் டியூட்டிக்குப் போய்விடுவேன். மீதியை அடுத்த ஜலதோஷத்துக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஜலதோஷம் வைரஸால் வருவது என்றுகூடத் தெரியாமல்! என்னைப் படுக்க வைத்த கிருமி எங்கிருந்து வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் என் கை சுத்தம் என்று என்னால் சொல்ல முடியாது.

நாம் செய்யக்கூடியது எளியது. மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் சாப்பிடுவோம். மீந்ததைச் சேர்த்துவைக்கவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

நம் தமிழ்நாட்டில் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் இன்றும் உண்டு. அதையும் கூட்டத்தில் சொன்னேன். மரம் தப்பியது. அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் முதலில் திறந்தது அந்த டிராயரைத்தான்.