உங்களுக்குத் தெரியுமா? கல்யாணில் நீங்கள், போனில் டாக்டர்

★ மேல்நாட்டு மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் நம் கல்யாண்காரர். பெயர் ஆனந்திபாய் ஜோஷி. 1865 மார்ச் 31 அன்று இங்கே பிறந்தார். 14 வயதில் பெற்ற குழந்தை, சரியான வைத்தியம் கிடைக்காமல் பத்தே நாளில் இறந்துபோனது. டாக்டராகியே தீர்வது என்று அவர் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். கப்பலேறி அமெரிக்கா போய், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886 மார்ச் 11 அன்று பட்டம் பெற்றார். நாடு திரும்பியவர் 22 வயது நிறையும் முன்பே, 1887 பிப்ரவரியில் காலமானார்.

★ இதே ஆனந்திபாய் தொலைவிலிருந்து வந்த வைத்தியத்தையும் அனுபவித்தவர்! படிக்கப் போகும் முன் கல்கத்தாவில் இருந்தபோது ஓயாத தலைவலி, அவ்வப்போது காய்ச்சல், மூச்சுத் திணறல். கடிதம் மூலம் மட்டுமே பழகியிருந்த தியோடிசியா கார்பென்டர் என்ற அமெரிக்கத் தோழி, அங்கிருந்தே மருந்துகள் அனுப்பிப் பார்த்தார். குணம் தெரியவில்லை. நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில் உள்ள சிக்கல் 1880களிலேயே வெளிப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

★ இதயத் துடிப்பின் படத்தை முதன்முதலில் கம்பி வழியாக அனுப்பியது 1905இல். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளியின் ஈ.சி.ஜி.யை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை, கருவியையும் நகர்த்த முடியவில்லை. நடுவில் டெலிபோன் கம்பி இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

★ ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு 1942 முதல் ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். பல நூறு மைல் தள்ளியிருக்கும் டாக்டர் ரேடியோவில் எண்ணைச் சொல்வார், வீட்டார் எடுத்துக் கொடுப்பார்கள். "9ஆம் நம்பர் தீர்ந்துபோச்சு டாக்டர், அதனால 4லயும் 5லயும் ஒண்ணொண்ணு கொடுத்துட்டேன்" என்று ஒருவர் சொன்னதாக அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு.

★ நம் பக்கம் வருவோம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா, அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். அங்கே அமைந்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று தொடங்கிவைத்தவர், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன். அடுத்து 2006 வாக்கில், அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேடு பகுதியில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு வேனை ஓட்டினார்கள். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்புவது அதன் வேலை. நிபுணர் இருந்த இடத்திலேயே இருப்பார், படம் மட்டும் பயணம் போகும்.

★ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கல்யாணிலிருந்து எத்தனை தூரம்? மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையம் 50 கிலோமீட்டருக்கு மேல். கல்யாண் மேற்கில் மாநகராட்சியின் ருக்மிணிபாய் மருத்துவமனை இருக்கிறது, டோம்பிவிலியில் சாஸ்திரி நகர் மருத்துவமனை இருக்கிறது, ரயில்வே குடும்பங்களுக்குத் தனி மருத்துவமனையும் உண்டு. ஆனால் நோய் கொஞ்சம் முற்றினால் கல்வா, சயான், பரேலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளைத்தான் கை காட்டுவார்கள்.

பரேல் போவது என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாண்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் நோயாளியை ஏற்றி, கேஸ் பேப்பர் எடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. டாக்டர் பேசுவது மூன்று நிமிடம். "அதே மாத்திரையைத் தொடருங்கள், அடுத்த மாதம் வாங்க" என்பார். ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வந்தவரின் கூலியும் சேர்ந்து போயிற்று. தொலைமருத்துவத்துக்குச் சரியான இடம் இந்த மூன்று நிமிடம்தான். முதல் முறை ஆள் போக வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும். "அதே மாத்திரை" என்று கேட்கிற ஐந்தாம் முறைக்கு எதற்கு லோக்கல்?

★ போனில் மருந்து சொல்ல மகாராஷ்டிர டாக்டர்கள் ஒரு காலத்தில் நிஜமாகவே நடுங்கினார்கள். ரத்னகிரியில் பிரசவ அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணுக்கு, ஊரில் இல்லாத டாக்டர் போனிலேயே மருந்து சொல்ல, அந்தப் பெண் இறந்துபோனார். 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டாக்டருக்கும், டாக்டரான அவருடைய துணைவருக்கும் முன்ஜாமீன் மறுத்தது. அதற்குப் பிறகு "நேரில் வாங்க" என்பதே பல டாக்டர்களின் ஒரே பதிலாயிற்று.

★ அந்தக் குழப்பம் தீர்ந்தது ஊரடங்கின் முதல் நாளில். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வீடியோ, வெறும் குரல், எழுத்து மூன்றுக்கும் அனுமதி உண்டு. எது போதும் என்று முடிவு செய்வது டாக்டர். நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

★ அந்த நெறிமுறைகளில் நம்மவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. பதிவு பெற்ற இந்திய டாக்டர், இந்தியாவின் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் தொலைமருத்துவம் பார்க்கலாம். அதாவது, கல்யாண் கிழக்கில் ஒரு சால் குடியிருப்பில் வசிக்கும் அம்மா, திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் தமிழில் பேசலாம். சட்டப்படி சரி.

இது சின்ன விஷயமில்லை. ஊரிலிருந்து வந்த அத்தைக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. டாக்டரிடம் போனால் மொழிபெயர்ப்பாளராகக் கூட வருவது பன்னிரண்டு வயதுப் பேரன். அவனை வைத்துக்கொண்டு கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றியோ, சிரித்தால் சிறுநீர் கசிவதைப் பற்றியோ எந்தப் பெண் வாய் திறப்பாள்? "கை கால் வலி" என்று சொல்லி ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். தூரத்தைவிட இந்தக் கூச்சம்தான் பலரை ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்பது என் கட்சி. போனும் தமிழும் சேர்ந்தால் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கும்.

★ திறக்கும் என்றேன். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எங்கே போய்ப் பேசுவது? வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் காலையில் கணவரோடு லோக்கல் ஏறிப் போய்விடுகிறதே! ஆப் செய்பவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. வீட்டுப் பெண் போனில் டாக்டரோடு பேசும்போது மற்றவர்கள் பத்து நிமிடம் வெளியே நிற்பது எந்த ஆப்பாலும் செய்ய முடியாத உதவி.

★ இ-சஞ்சீவனி என்பது மத்திய அரசின் இலவசச் சேவை. மொபைல் எண், ஓ.டி.பி., டோக்கன், வரிசை, பிறகு டாக்டர். மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். வடிவமைத்தது மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம். வீட்டிலிருந்தே பேசும் வசதி 2020 ஏப்ரலில் வந்தது. 2023 பிப்ரவரியில் ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டின. அன்றைய அரசுக் கணக்கில் தமிழ்நாடு சுமார் 1 கோடியே 23 லட்சம், மகாராஷ்டிரம் சுமார் 47 லட்சம்தான். பயன்படுத்தியவர்களில் 57 சதவீதம் பெண்கள். ஊரில் இருக்கும் அக்காவும் சித்தியும் பழகிவிட்டார்கள், நாம் இன்னும் வரிசையில் நிற்கிறோம்!

★ எந்த மருந்தை எப்போது எழுதலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றைப் போனில் எப்படிப் பேசினாலும் சொல்லலாம். அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதல் முறையே எழுத வேண்டுமானால் வீடியோவில் முகம் பார்த்திருக்க வேண்டும். சில மருந்துகள், ஏற்கெனவே நேரில் பார்த்த அதே நோயின் தொடர் சிகிச்சைக்கு மட்டும். தொடர் சிகிச்சை என்றால் நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள். மார்ஃபின் போன்ற போதை மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. எழுதித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

★ சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கினால் ரசீது தர வேண்டும். நோயாளி சிறுவர் என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

★ செயற்கை நுண்ணறிவு உங்களுக்கு மருந்து எழுத முடியாது. டாக்டருக்கு உதவலாம், நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020 நெறிமுறைகளே சொல்லிவிட்டன. எதற்கெடுத்தாலும் சாட்பாட்டைக் கேட்கும் வீட்டு இளைஞர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

★ ஸ்மார்ட்போனே இல்லாமல் நடந்த வேலைகளும் உண்டு. மும்பையின் ஆர்ம்மன் அமைப்பு 2014இல் தொடங்கிய எம்-மித்ரா, கர்ப்பிணிகளின் சாதாரண போனுக்குக் குரல் செய்தி அனுப்பியது. படிக்கத் தெரிய வேண்டியதில்லை, காதில் வைத்தால் போதும். காசநோயாளிகளுக்கு வந்த 99டாட்ஸ் இன்னும் சாமர்த்தியமானது. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தால் பின்னால் ஒரு போன் எண் தெரியும். அதற்குக் காசில்லாமல் ஓர் அழைப்பு கொடுத்தால், இன்றைய மாத்திரை விழுங்கியாயிற்று என்று பதிவாகும். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு அழைப்பு மட்டும் கொடுப்பவரை யாராலும் தடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

★ தாராவியில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். பிறகு டாக்டர்களும் ஊழியர்களும் ஆக்ஸிமீட்டரும் கையுமாகச் சந்து சந்தாக ஏறி இறங்கினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் அந்த ஆக்ஸிமீட்டரின் அடிப்படையைக் கண்டுபிடித்த ஜப்பானியர் தகுவோ அவோயாகி, அதே ஏப்ரலில் 18ஆம் தேதி இறந்தார். உலகமே அவருடைய கண்டுபிடிப்பில் விரலை நுழைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

★ போனில் டாக்டரைக் கூப்பிடும் முன் பி.பி. பார்ப்பவர்கள் கவனத்துக்கு: மாடி ஏறி வந்த வேகத்தில் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள், பேசாதீர்கள், பட்டையை மேல்கையில் கட்டுங்கள், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ஆக்ஸிமீட்டர் என்றால் நகப்பூச்சை அழித்துவிட்டு விரலை வையுங்கள். டாக்டர் உங்களைத் தொட முடியாதபோது, நீங்கள் சொல்லும் எண்தான் அவருக்குக் கண். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

★ மனம் சரியில்லை என்றால் 14416. அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வேலை போனவரும், தேர்வில் தோற்ற பிள்ளையும், பிரசவத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் அழும் பெண்ணும் கூப்பிடலாம். "பைத்தியம் என்பார்களோ" என்று பயப்படத் தேவையில்லை. கூப்பிடுவது நீங்கள், கேட்பது ஆலோசகர். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலையில்லை.

★ ஆஸ்பத்திரி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதற்குப் போன் போடாதீர்கள். போலி எண்களை ஏற்றிவைத்து, "டோக்கனுக்கு ஐந்து ரூபாய் அனுப்புங்கள்" என்று ஆரம்பித்துக் கணக்கையே காலி செய்யும் கூட்டம் உண்டு. பழைய கேஸ் பேப்பரில் அச்சிட்ட எண் நம்பகமானது.

★ எதற்குப் போன் டாக்டரைத் தேடக்கூடாது? நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தைக்கு மூச்சு இழுப்பது. இவற்றுக்கு வீடியோவும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ் எண் ஒன்றுதான்: 108. அதையும் 14416ஐயும் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.