பூச்சியியலாளரும் பீடைகொல்லி வணிகமும்: ஆலோசனையின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

பயிருக்கு நஞ்சு தெளிப்பதை எமது கமக்காரர் 'மருந்தடித்தல்' என்றே கூறுவர். ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே வழங்கும் இச்சொல்லாட்சி பயிரை நோயாளியாகவும், பூச்சியை நோயாகவும், நஞ்சு விற்பவரை வைத்தியராகவும் உருவகிக்கின்றது. மொழியையும் இலக்கியத்தையும் சமூகவியல் நோக்கில் ஆராயும் எம்மைப் பூச்சியியல் என்னும் அறிவுத்துறையின்பால் திரும்பச் செய்தது இச்சொல்லேயாகும். நோயைக் கண்டறிபவரும் மருந்தை விற்பவரும் ஒருவரேயாயின் அவர் வழங்கும் ஆலோசனையின் தன்மை யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் 'பீடை' என்னும் கருத்தினைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். இயற்கையிற் பீடை என்றோர் உயிரினம் கிடையாது. காட்டுமரக் கொப்பைத் துளைத்து வாழும் வண்டு வெறும் வண்டே. அதே வண்டு தேயிலைக் கொப்பைத் துளைக்கும்போது பீடையாகின்றது. மனித உழைப்பின் விளைபொருளிற் பங்குகொள்ளும் பூச்சியே பீடையெனப்படுகின்றது. எனவே பீடை என்பது உயிரியல் வகைப்பாடன்று. ஒரு பொருளாதார உறவின் பெயர். இவ்வுண்மையை அறிவியல் மொழியில் வரையறுத்தவர்கள் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் நால்வராவர். வேர்ணன் ஸ்ரேர்ண், றே ஸ்மித், றொபேட் வான் டென் பொஷ், கென்னத் ஹேகன் ஆகியோர் 1959இல் 'ஹில்கார்டியா' என்னும் ஆய்விதழில் ஒருங்கிணைந்த கட்டுப்பாடு பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனையாகும். பூச்சியைக் கண்டவுடன் தெளிக்கவேண்டியதில்லை. அது விளைவிக்கும் சேதம் கட்டுப்பாட்டுச் செலவுக்கு ஈடாகும் அளவே பொருளாதாரச் சேத மட்டம். அம்மட்டத்தை எட்டவிடாது தடுப்பதற்கு எந்த எண்ணிக்கையில் நடவடிக்கை தேவை என்பதை முற்கூட்டியே கணிக்கவேண்டும். தெளிக்க நேரினும் பீடையின் இயற்கை எதிரிகளைப் பாதுகாக்கும் வகையிலேயே தெளிக்கவேண்டும் என அவர்கள் நிறுவினர்.

இக்கோட்பாடு பூச்சியியல் ஆலோசகரின் தொழிலுக்கு ஒரு திட்டவட்டமான உள்ளடக்கத்தை அளித்தது. ஆலோசகர் வயலில் இறங்கி, வலைவீசியும் இலைகளைப் புரட்டியும் பூச்சிகளை எண்ணுகின்றார். பீடையை மட்டுமன்றி, அதனைத் தின்னும் சிலந்தியையும் பொறிவண்டையும், அதன் உடலினுள் முட்டையிடும் குளவியையும் எண்ணுகின்றார். பயிரின் பருவம், வானிலை, விளைபொருளின் விலை ஆகியவற்றை ஒப்புநோக்கி ஒரு முடிவுக்கு வருகின்றார். அம்முடிவு பெரும்பாலும் 'இவ்வாரம் தெளிக்கவேண்டாம்' என்பதாகவே அமையலாம். முரண்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. 'வேண்டாம்' என்னும் சொல் கமக்காரருக்கு மிக உயர்ந்த பயன்பெறுமதி உடையது. ஆயின், நஞ்சு விற்கும் நிறுவனத்துக்கு அதனாற் கிடைக்கும் பரிவர்த்தனைப் பெறுமதி எதுவுமில்லை. அச்சொல் ஒவ்வொரு முறை கூறப்படும்போதும் ஒரு விற்பனை இழக்கப்படுகின்றது.

இம்முரண்பாடு கூர்மையடைந்தமைக்கு ஒரு வரலாற்றுப் பின்புலம் உண்டு. டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் சுவிற்சர்லாந்தின் கைகி நிறுவனத்தைச் சேர்ந்த போல் முல்லர் கண்டறிந்தார். 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்பின் செயற்கைப் பூச்சிகொல்லிகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. பூச்சியின் வாழ்க்கை வரலாற்றை அவதானிப்பதையே பணியாகக் கொண்டிருந்த பூச்சியியலாளர் பலர், எந்த நஞ்சு எத்தனை பூச்சிகளைக் கொல்லும் எனச் சோதிப்போராக மாறினர். உற்பத்திச் சாதனங்களில் நேர்ந்த மாற்றம் ஓர் அறிவுத்துறையின் வினாக்களையே மாற்றியமைத்தது எனலாம். 1962இல் றேச்சல் கார்சன் வெளியிட்ட 'மௌன வசந்தம்' இரசாயனத் தொழிற்றுறையின் கடும் எதிர்ப்புக்குள்ளானமை இப்பின்னணியிலேயே நோக்கற்பாலது.

கலிபோர்ணியாவில் 1970களின் தொடக்கத்திலிருந்து பீடைக்கட்டுப்பாட்டு ஆலோசகர்கள் அரச அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவராயினர். ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் இரசாயனப் பொருட்களை விற்கும் நிறுவனங்களின் ஊழியராகவே இருந்தனர். அனுமதிப்பத்திரம் அறிவைச் சோதித்தது; ஊதியம் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சோதிக்கவில்லை. மேற்கூறிய நால்வருள் ஒருவரான வான் டென் பொஷ், தாம் மறைந்த 1978ஆம் ஆண்டில் வெளியான நூலில், பீடைகொல்லித் தொழிற்றுறைக்கும் ஆலோசனைக்கும் ஆராய்ச்சிக்கும் இடையிலான இப்பிணைப்பைக் கடுமையாகச் சாடினார்.

எமது நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதித் தேயிலைமீது விதிக்கப்பட்ட தீர்வையினால் இயங்கிய அமைப்பாகும். தேயிலை இலைகளைப் பிணைத்துச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ரோட்ரிக்ஸ் புழுவை அடக்குவதற்காக, 1935–36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி இங்கு கொண்டுவரப்பட்டது. குளவி மலைநாட்டில் நிலைபெற்றது, புழு அடங்கியது. இக்குளவியின் பொருளியற் பண்பு கவனத்திற்குரியது. ஒருமுறை விடப்பட்டபின் அது தானே பெருகுகின்றது. ஆகவே அதனை ஆண்டுதோறும் விற்றல் இயலாது. அது பண்டமாக மறுக்கின்றது. பின்னர் 1950களில், கொப்புகளைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்கென டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக்கிடந்த ரோட்ரிக்ஸ் மீண்டும் பெருகி அழிவு விளைவித்தது. ஒரு பீடைக்கு அடித்த 'மருந்து' இன்னொரு பீடையை உருவாக்கிற்று.

தீர்வையினால் இயங்கிய நிலையம் எனக் குறிப்பிட்டோம். அத்தீர்வைக்கு ஆதாரமான பெறுமதியைப் படைத்தவர்கள் மலையகத் தொழிலாளரே. தெளிகருவியைத் தோளிற் சுமந்தவர்களும் அவர்களே. ஆயினும் எதனை, எப்போது தெளிப்பது என்னும் ஆலோசனை தோட்ட நிருவாகத்துக்கே வழங்கப்பட்டது. பொது நிதியில் இயங்கும் அறிவுகூட யாருக்குச் செவிசாய்க்கின்றது என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

மாற்றுவழி சாத்தியமே என்பதை இந்தோனேசியா காட்டியது. எமது நெற்செய்கையாளர் அறக்கொட்டி என வழங்கும் கபிலநிறத் தத்தி அங்கு பெருகியமைக்கு, அதன் எதிரிகளை அழித்த பூச்சிகொல்லிகளே முக்கிய காரணம் எனப் பூச்சியியலாளர் நிறுவினர். 1986இல் சனாதிபதிப் பணிப்புரை ஒன்றின் மூலம் 57 பூச்சிகொல்லி வகைகள் நெற்செய்கையில் தடைசெய்யப்பட்டன. பூச்சிகொல்லிகளுக்கான மானியம் 1989இல் முற்றாக நீக்கப்பட்டது. நெல் உற்பத்தி வீழ்ச்சியடையவில்லை. கமக்காரர் வயற் பள்ளிகளிற் கூடித் தாமே பூச்சிகளை எண்ணவும் இனங்காணவும் கற்றனர். ஆலோசகரின் அறிவு உற்பத்தியாளரின் அறிவாயிற்று. பிரான்சு 2018இல் இயற்றிய சட்டத்தின்மூலம், 2021 சனவரியிலிருந்து பீடைகொல்லி விற்பனையையும் ஆலோசனையையும் வெவ்வேறாக்கியது; எனினும் 2025இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம் அப்பிரிவினையைத் தளர்த்தியது. இத்தகைய சீர்திருத்தங்கள் தாமாக நிலைத்து நிற்பனவல்ல என்பதை இது உணர்த்துகின்றது.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழலாம். நிறுவனங்களிற் பணிபுரியும் பூச்சியியலாளர் அனைவரும் நேர்மையற்றவரா என்பது ஒன்று. அல்லர். தனிமனித ஒழுக்கம் எமது வாதப்பொருளன்று. நேர்மையான ஒருவர் 'வேண்டாம்' என்று கூறும்போது தமது ஊதியத்தையே பணயம் வைக்கவேண்டியுள்ள அமைப்பையே நாம் வினவுகின்றோம். சுதந்திர ஆலோசகராகத் தொழில் புரிவது முழுமையான விடையாகாது. அவருக்குக் கட்டணஞ் செலுத்தப் பெருநிலவுடைமையாளரால் இயலும். இரண்டு ஏக்கர் வயலை நம்பியிருப்பவரால் இயலாது. அத்தகையவருக்குக் கடைக்காரரே ஆலோசகர்; கடனுக்கு நஞ்சு தருபவரும் அவரேயாயின் ஆலோசனையை மறுக்கும் உரிமையும் கமக்காரருக்கு இல்லாது போகின்றது.

இரசாயனங்களை ஒரேயடியாகத் தடைசெய்தலே தீர்வன்றோ என்பது மற்றைய மறுப்பு. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதியைத் தடைசெய்து, கமக்காரரின் பேரிழப்புகளுக்கும் எதிர்ப்புக்கும் பின்னர் நவம்பரில் அதனை நீக்கியது. இந்தோனேசியாவின் தடைக்குப் பின்னால் வயலில் எண்ணிப் பெற்ற அறிவு இருந்தது. அதனைத் தொடர்ந்து கமக்காரரின் கல்வி வந்தது. இங்கு ஓர் ஆணை மட்டுமே இருந்தது. அறிவுக்கு மாற்றீடாக வணிகம் அமைவது எவ்வளவு தீங்கானதோ, அதிகாரம் அமைவதும் அவ்வளவு தீங்கானதே.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் எமது நாட்டிற் பீடைகொல்லிகளின் பதிவையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துகின்றது. எந்த நஞ்சை விற்கலாம் என்பதைச் சட்டம் கவனிக்கின்றது. அதனை வாங்கவேண்டுமா என்பதைக் கமக்காரருக்குக் கூறுபவர் யார் என்பதே எஞ்சியுள்ள வினா. விற்பனையில் இலாபம் பெறாத, வயலுக்கு வந்து எண்ணிப் பார்க்கும் விவசாயப் போதனாசிரியர்கள் போதிய தொகையினராக இருத்தல் வேண்டும். தெளிகருவி சுமக்கும் தொழிலாளரும் சிறு கமக்காரரும் அவ்வறிவிற் பங்காளராதல் வேண்டும். அந்நிலை எய்தும்போது 'வேண்டாம்' என்பதும் ஓர் ஆலோசனையாக மதிக்கப்படும். நஞ்சை நஞ்சென்றே அழைக்கும் துணிவும் எமது மொழிக்கு அப்போது கைகூடும்.